உரிமையாளர் பெயர்

தசரதன் பட்டியில் ஏழு ஆடு.
ஆறு அங்கேயே கிடந்தன,
ஒன்றை மட்டும்
மோர்தானா அணைப் பக்கம் இழுத்துப்போன தடம்.
காலையில் கூட்டம்.
நானும் போனேன், குடத்தோடு,
தண்ணீருக்குப் போகிறவள் மாதிரி.

இழுத்துப்போனது என்னுடையது.
இடது காது பிளந்த கறுப்புப் பெட்டை,
சினை.
இது தசரதனுக்குத் தெரியும், எனக்குத் தெரியும்.
என் வீட்டுக்காரருக்குத் தெரியாது.

பீடி சுற்றிய கூலியில்
வாரம் இருபது முப்பது என்று
அரிசிப் பானைக்கு அடியில் சேர்ந்த காசு.
குட்டியாக வாங்கி வாரத்துக்கு விட்டேன்.
முதல் ஈத்து தசரதனுக்கு,
அடுத்தது எனக்கு.
அந்த அடுத்ததுக்குத்தான் காத்திருந்தேன்.

பதினோரு மணிக்கு வனவர் வந்தார்,
மாட்டு டாக்டர் வந்தார்,
விண்ணப்பம் வந்தது.
முதல் கட்டத்திலேயே கேட்டிருந்தது
உரிமையாளர் பெயர்.
அப்புறம் கணவர் பெயர், ஆதார், பாஸ்புக், செல் நம்பர்,
ஆட்டோடு நிற்கும் புகைப்படம்.

வேலிக்கு வெளியே ஐந்து பெண்கள் நின்றோம்.
ஒருத்தி முகத்தை ஒருத்தி பார்க்கவில்லை.
அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது
அந்தப் பட்டியில்
யார் யார் பானையெல்லாம் இருந்ததென்று.

போன வருஷம் அமுலு பெயர் கொடுத்தாள்.
ரேஞ்சர் ஆபீஸ் சுவரில் ஒட்டினார்கள்,
பெயர், ஊர், நம்பர், தொகை எல்லாம்.
யாரோ படம் பிடித்து
ஊர் குரூப்பில் போட்டான்.
பணம் வருவதற்கு முன்னால்
குழுக்கடன்காரன் வந்தான்.
அவனுக்கு முன்னால்
ஒரு இந்திக் குரல்:
"அம்மா, ஆடு பணம் வந்திருக்கு, ஓடிபி சொல்லுங்க."
எல்லோருக்கும் முன்னால் அவள் புருஷன்:
"யாரைக் கேட்டு ஆடு வாங்கினே?"

வனவர் மரத்தில் கட்டிய கேமராவைக் கழற்றினார்.
சின்னத் திரையில் பார்த்துத் தலையாட்டினார்.
"எங்கே சார் கீது அது?"
கேட்டது நான்தான், தைரியம் எப்படி வந்ததோ.
"அதெல்லாம் சொல்லக் கூடாதும்மா.
எந்தப் பாறைன்னு வெளியே தெரிஞ்சா
சுருக்கு வைக்கப் போயிடுவானுங்க.
அதோட பாதுகாப்பு நம்ம பொறுப்பு."

சரிதான் சார்.
அதன் பாறையை
எந்தச் சுவரிலும் ஒட்டாதீர்கள்.
அதுவும் வயிற்றுக்குத்தான் வந்தது.
இதைக் குடத்துக்குள் சொன்னேன்.

தசரதன் பேனாவை வாங்கி
ஏழும் என்னுது என்றான்.
"கணக்கெடுப்பில ரெண்டுன்னியே?"
"குட்டி போட்டுச்சு சார்."
"ஏழும் பெரிய ஆடுய்யா."
தசரதன் காலால் மண்ணைக் கீறினான்.
வனவர் வேலிப் பக்கம் திரும்பினார்.
ஐந்து குடம், ஐந்தும் காலி,
குழாயோ எதிர்த் திசையில்.
பேனாவை இரண்டு முறை உதறி
ஏழு என்று எழுதிக்கொண்டார்.

பணம் வந்தால் கொடுப்பான்.
கொடுக்காவிட்டால்
எந்த ஆபீஸில் போய்
என்னவென்று கேட்பேன்?

ராத்திரி முறம் மடியில், இலை, தூள், நூல்.
அவர் செல்லைத் தள்ளிக்கொண்டே
"தசரதன் ஆடு ஏழு பூட்ச்சாம்" என்றார்.
"பாவம்,
ஒண்ணு சினை வேற" என்றேன்.
விரல் நின்றது செல்லில்.
"உனக்கு எப்டித் தெரியும்?"

ஒரு பீடி
சுற்றி முடிக்கும் நேரம்.
நூலைப் பல்லில் கடித்து அறுத்து
"ஊரே சொல்லுது" என்றேன்.